வாசல் லைட்டை மட்டும் நிறுத்த மாட்டேன்

2023 மே மாதம் கரண்ட் பில் வந்த அன்றைக்கு ராத்திரி அம்மா ஃபேனை நிறுத்திவிட்டு வாசலில் பாயைப் போட்டுப் படுத்தார். அந்த நேரம் நான் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் காலனியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று அங்கே ஒரு ராத்திரி தங்கியவர்களுக்குத் தெரியும். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, காற்று மட்டும் வராது. வந்தாலும் உப்பு ஈரத்தோடு வந்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும். கொசு வேறு. அம்மா எட்டரை மணிக்குப் படுத்து இரண்டரைக்கு எழுந்துவிடுவார். மூன்று மணிக்குப் பாத்தியில் இருந்தால்தான் வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க முடியும். ஆக அவருக்கு இருப்பதே ஆறு மணி நேரத் தூக்கம். அதையும் ஒரு பில்லுக்காகக் கொசுவிடம் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அம்மா மேலா, பில் மேலா, என் மேலா என்று அப்போது தெரியவில்லை.

என் மேல் கோபப்பட எனக்குக் காரணம் இருந்தது. சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், டிசம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் மின் சிக்கன வாரத்துக்கு நானே உப்பளக் கிராமங்களில் துண்டறிக்கை கொடுத்திருக்கிறேன். எங்கோ அச்சடித்து வந்த அறிக்கை. அதில் மூன்றாவதாக "குளிர்சாதனத்தை 24 டிகிரியில் வையுங்கள்" என்று இருந்தது. அதை ஓலைக்கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு மத்தியில் நான் சத்தமாகப் படித்தேன். ஒரு அக்கா ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "ஏசி இன்னா வெலம்மா வரும்?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். "தேவையில்லாத நேரத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள்." தேவை எது, தேவையில்லாதது எது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சமூகவியலில் முதுகலை முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அம்மா வாசலில் படுத்த அந்த ராத்திரி பில்லை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 532 யூனிட், 2,206 ரூபாய். வெள்ளை அட்டையில் அதற்கு முந்தைய கணக்கு 484 யூனிட், 1,629 ரூபாய். 48 யூனிட் கூடியிருக்கிறது, 577 ரூபாய் ஏறியிருக்கிறது. கூடுதலாக எரித்த ஒரு யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கும் மேல். வாரியத்தின் வீட்டுக் கட்டண அட்டவணையில் 12 ரூபாய் என்று ஒரு விலையே கிடையாது. 1,000 யூனிட்டுக்கு மேல் எரிக்கிற பங்களாக்காரருக்கே கடைசி யூனிட் அப்போது 11 ரூபாய்தான். பிறகு எங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படி 12?

இதைப் புரிந்துகொள்ள 2022 செப்டம்பர் 10இல் வந்த கட்டணத்தைப் பார்க்க வேண்டும். (அதற்குப் பிறகு 2024 ஜூலையில் கொஞ்சம் ஏறியது. அமைப்பு அதேதான்.) முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், இது 2016இலிருந்து இருக்கிறது. மொத்தம் 500க்குள் நிற்கிற வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500இல் சரியாக நின்றால் 1,725 ரூபாய். 501 ஆனால் கூடுதலாக ஒரு யூனிட்டுக்கு மட்டும் 8 ரூபாய் கொடுத்தால் போதும் என்றுதான் நினைப்போம். அப்படி இல்லை. 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2.25 ரூபாய் சலுகை பறிபோய்விடும். 101இலிருந்தே 4.50 கணக்கு. கோட்டைத் தாண்டிய அந்த ஒரு யூனிட் 233 ரூபாய். அம்மா அந்தக் கோட்டை 32 யூனிட் தாண்டியிருந்தார்.

அம்மா தாண்டினார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அந்த மீட்டரில் இருப்பது அம்மா மட்டும் இல்லை. முன்பக்கம் தொகுப்பு வீட்டில் அம்மா. பின்பக்கம் ஷீட் போட்டு இறக்கிய பாகத்தில் அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். இரண்டு அடுப்பு, இரண்டு ரேஷன் கார்டு, ஒரே மீட்டர். எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனால் ஊர்த்தெருவில் பக்கத்து மனையில் வீடு எழும்பும். காலனியில் பக்கத்து மனை என்று ஒன்று இல்லை. அரசு அளந்து கொடுத்த இரண்டரை, மூன்று சென்ட்டுக்குள்ளேயே இறக்கி, தடுத்து, மறித்துத்தான் அடுத்த தலைமுறை குடும்பம் நடத்துகிறது.

அந்த ராத்திரி பேப்பரில் ஒரு கணக்குப் போட்டேன். 532 யூனிட்டை இரண்டு மீட்டருக்குச் சரிபாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 266. முதல் 100 இலவசம், அடுத்த நூறுக்கு 225 ரூபாய், மீதி 66க்கு 297 ரூபாய். ஒரு வீட்டுக்கு 522 ரூபாய், இரண்டுக்கும் சேர்த்து 1,044. ஒரு பல்பைக்கூட அணைக்காமல், ஒரு யூனிட்டைக்கூடக் குறைக்காமல் பில் பாதிக்கும் கீழே போகிறது. நிலம் இல்லாததற்கு நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,162 ரூபாய் அபராதம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். சாதி மீட்டருக்குள் எப்படி நுழைகிறது என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

தனி மீட்டர் அவ்வளவு சீக்கிரம் வராது என்று எனக்குத் தெரியும். அதுவரை 500க்குள் நிறுத்தியாக வேண்டும். காலையில் உப்பளத்திலிருந்து திரும்பிய அம்மாவிடம் சொன்னேன், "எது கரண்ட்டைத் திங்குதுன்னு பாப்போம். அதுக்கு முன்ன நீ எதையும் நிறுத்தாத."

"ஃபேன்தான் திங்கும். வேற இன்னா கீது நம்ம வூட்ல?"

இனி வருவது செய்முறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். களத்தில் வேலை செய்கிற தம்பி தங்கைகள் எந்த வீட்டிலும் ஒரு மணி நேரத்தில் இதைச் செய்துகாட்டலாம். காசு எதுவும் தேவையில்லை.

இப்போதைய மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று எழுதியிருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு பொருளை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ண வேண்டும். 3200 மீட்டரில் ஒரு சிமிட்டல் ஏறக்குறைய 19 வாட். அவ்வளவுதான். அண்ணன் மகளுக்கு அப்போது பதினோரு வயது. அவள் கைபேசியில் நிமிடம் பார்க்க, அம்மா விரல் விட்டு எண்ணினார்.

பழைய சீலிங் ஃபேன்: நான்கு. அதாவது 75 வாட். வாசல் டியூப் லைட், பழைய சோக் வைத்தது: மூன்று. அயர்ன் பாக்ஸ்: நாற்பது. இண்டக்‌ஷன் அடுப்பை வைத்ததும் அம்மா எண்ணுவதை விட்டுவிட்டார். நொடிக்கு ஒன்றுக்கு மேல் போனது. "இது சிமிட்டல, அழுவுது" என்றார். சிலிண்டர் விலை ஆயிரத்தைத் தாண்டிய பிறகு அண்ணி டீ, சுடுதண்ணி எல்லாவற்றையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றியிருந்தார். ஒரு பக்கம் மிச்சம் பிடித்தது இன்னொரு பக்கம் வந்து நின்றது.

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் வந்துகொண்டே இருந்தது. உப்புக்காற்றில் ஒயர் அரித்து எங்கேயோ கரண்ட் கசிகிறதோ என்று பயந்தேன். எங்கள் பக்கம் அது நடக்கிற விஷயம். சுவிட்ச் போர்டு திருகு துருப்பிடித்து கையோடு வரும், எர்த் கம்பி இரண்டே வருடத்தில் நூலாகிவிடும். அப்படிக் கசிந்தால் பில் மட்டும் பிரச்சினை இல்லை, உயிர் போகும். நல்லவேளையாக அது கேபிள் பெட்டி. டிவியை ரிமோட்டில் நிறுத்தினால் பெட்டி தூங்காது என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. (எல்லாம் நிறுத்தியும் சிமிட்டல் நிற்கவில்லை, எந்தப் பொருளும் மாட்டியில்லை என்றால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள்.)

ஃப்ரிட்ஜ்தான் எதிர்பாராதது. அண்ணன் திண்டிவனத்தில் பழையதாக வாங்கி வந்தது. ஓடும்போது எட்டு சிமிட்டல், 150 வாட். அது தவறில்லை. ஆனால் ஃப்ரிட்ஜ் கொஞ்ச நேரம் ஓடி, குளிர்ந்ததும் நின்று, பிறகு ஓட வேண்டும். இது நிற்கவே இல்லை. முக்கால் மணி நேரம் ஓடிக் கால் மணி நேரம் ஓய்வெடுத்தது. கதவுக்கு நடுவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பர் போயிருந்தது. குளிர் முழுக்க வெளியே. ஒரு நாளைக்கு 2.7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 160க்கு மேல். வீட்டின் எல்லா சீலிங் ஃபேனும் சேர்ந்து எடுப்பதை அந்த ஒரு ரப்பர் இல்லாத கதவு எடுத்துக்கொண்டிருந்தது. அம்மா நிறுத்திய ஃபேன், அந்த ஆறு மணி நேரத்துக்கு, அரை யூனிட்டுக்கும் குறைவு.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. ஃப்ரிட்ஜில் அவர் வைப்பது ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும்தான். உப்பளத்துக்கு எடுத்துப் போவதற்கு.

அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வராது. வெள்ளைப் பாத்தியில் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். கண் கூசும். ஒதுங்க நிழல் இல்லை, ஒதுங்கக் கழிப்பறை இல்லை என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பல வருடமாக ஆய்வு செய்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அனுமதிக்கத்தக்க வெப்ப அளவைத் தாண்டிய சூழலில் வேலை செய்கிறார்கள் என்பதும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருக்கிறது என்பதும் அதில் தெரியவந்தது. பகல் முழுக்கக் காய்ந்த உடம்பு இராத்திரிதான் ஆறும். ஆறவிடாமல் மறுநாளும் வெயிலுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ஃபேனை நிறுத்தினால் மிச்சம் என்று துண்டறிக்கை சொல்கிறது. எங்கள் வீட்டில் அது மிச்சம் இல்லை. பில்லில் குறைவது அம்மாவின் உடம்பில் ஏறுகிறது.

மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும்போது யாரிடம் சொல்கிறோம் என்ற கேள்வியை விட முடியவில்லை. 2012இல் நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். மாநிலம் முழுக்க மின்வெட்டு. சென்னைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், மற்ற மாவட்டங்களில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம். விடுதியில் அந்த இரண்டு மணி நேரத்துக்கு நாங்கள் புலம்புவோம். போனில் அம்மா, "இங்க கரண்டு வந்தாதான் சேதி" என்பார். படிப்பு முடிந்து வாடகை அறையில் இருந்தபோது வீட்டுக்காரர் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினார். அரசின் 100 யூனிட் இலவசம் என் அறை வரைக்கும் வந்ததே இல்லை. அந்த அறையில் ஒரு ஃபேன், ஒரு பல்பு, நான்.

உற்பத்தி பக்கத்திலும் இதே கதைதான். எங்களுக்கு வடக்கே ஈசிஆர் வழியில் கல்பாக்கம் அணுமின் நிலையம். அதற்கும் எங்களுக்கும் நடுவில் செய்யூரில் 4,000 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டு, 2013இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்தார்கள். விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். தலித் மக்கள் அதிகம் வாழும் பகுதி, சட்டமன்றத்துக்குத் தனித் தொகுதி. நிலையம் இன்றுவரை கட்டப்படவில்லை. கட்டியிருந்தால் சாம்பல் எங்கள் பக்கத்து உப்பிலும் இறால் கழியிலும் விழுந்திருக்கும், கரண்ட் நகரங்களுக்குப் போயிருக்கும். ஆகவே வீட்டு மின்சாரத்தைக் குறைப்பது நமக்குச் சம்பந்தமில்லாத மேட்டுக்குடி விஷயம் என்று நம் தோழர்கள் சிலர் ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. நகரத்தில் வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் யாரோ ஒருவர் நிலத்தின் பக்கத்தில்தான் எரிக்கப்படுகிறது. அந்த யாரோ பெரும்பாலும் நாம்தான்.

அதே நேரம், நம் வீடுகளுக்கு இன்னும் கரண்ட் போதவில்லை என்பதும் உண்மை. இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைக்காமல் இருக்க முடியாது. அரசியலமைப்புச் சட்டத்தோடு அவரை நிறுத்திவிடுகிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது இந்தியாவின் மின்சாரக் கொள்கைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். 1943 அக்டோபர் 25இல் மின்சாரக் கொள்கைக் குழுவின் தலைவராக அவர் ஆற்றிய உரையைத் தேடிப் படியுங்கள். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும், அது இல்லாமல் தொழில்வளர்ச்சி இல்லை, தொழில்வளர்ச்சி இல்லாமல் மக்களை வறுமையிலிருந்து மீட்க முடியாது என்பது அவர் வாதம். கேள்வியை அவர் மெகாவாட்டிலிருந்து தொடங்கவில்லை, எதற்காக என்பதிலிருந்து தொடங்கினார். எண்பது வருடம் கழித்து என் அம்மா ஒரு ஃபேனை நிறுத்துகிறார் என்றால் மலிவும் வரவில்லை, தாராளமும் வரவில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். ஃப்ரிட்ஜ் ரப்பரை மாற்ற 450 ரூபாய் ஆனது. கேபிள் பெட்டிக்கு சுவிட்சிலேயே நிறுத்துவது என்று அண்ணன் மகள் பொறுப்பெடுத்துக்கொண்டாள், போலீஸ் மாதிரி. இண்டக்‌ஷனில் தண்ணீர் சுடவைப்பதைக் கோடையில் விட்டோம். வாரத்துக்கு இரண்டு தடவை மொத்தமாக அயர்ன். அம்மா தலைக்கு மேல் ஓடும் ஃபேனை மட்டும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினோம். 2,700 ரூபாய், அண்ணி மகளிர் குழுவில் கடன் எடுத்தார். பழையது 75 வாட், இது 30க்குள். மாட்டியதும் அம்மா மீட்டரிடம் போய் நின்று எண்ணினார், நிமிடத்துக்கு ஒன்றரை. "காத்து அதே காத்துதான வருது?" என்று மூன்று முறை கேட்டார். ஏழை வீட்டுக்கு இந்த ஃபேன்தான் முதலில் வர வேண்டும், ஆனால் விலையைப் பார்த்தால் கடைசியில்தான் வரும். மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று 2011இல் அரசே வீடு வீடாகக் கொடுத்த மாநிலம் இது. அடுத்த முறை யாராவது கொடுப்பதாக இருந்தால் இந்த ஃபேனைக் கொடுக்கலாம், வாரியத்துக்கே மானியச் செலவு குறையும்.

தொகுப்பு வீட்டின் மொட்டைத் தளம் ராத்திரி பத்து மணிக்கும் அடுப்புக்கல் மாதிரி இருக்கும். அதற்கு அண்ணன் சுண்ணாம்பு அடித்தார், இரண்டு கை. யோசனை அம்மாவுடையது. "உப்பு மேல வெயிலு பட்டா எப்படித் திருப்பி அடிக்குது? வெள்ளயா இருந்தா வெயிலு உள்ள எறங்காது" என்றார். இதை நகரங்களில் கூல் ரூஃப் என்று பெயர் வைத்துக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். எங்கள் அம்மாவுக்கு நாற்பது வருட உப்பள அனுபவம் சொல்லிக் கொடுத்தது.

எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்ட அம்மா ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வாசல் டியூப் லைட். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் விடிய ஐந்து மணிக்குத்தான் நிற்கும். இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். ராத்திரி பதினொன்றுக்கு மேல் நிறுத்தலாமே என்றேன்.

"அத மட்டும் நிறுத்த மாட்டேன்."

ஏன் என்று எனக்குத் தெரியும். கேட்டிருக்கவே கூடாது. 2013 ஏப்ரல் 25, மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு மாநாடு நடந்த நாள். அன்றைக்கு மரக்காணம் கட்டையன் தெருவில் நம் மக்களின் வீடுகள் எரிந்தன. எங்கள் தெருவில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் புகை எங்களுக்கும் தெரிந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உப்பளக் கொட்டகையில் ராத்திரி உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அன்றிலிருந்து எங்கள் வாசல் லைட் அணைந்தது கரண்ட் போன நாட்களில் மட்டும்தான். எங்கள் வீடு மட்டும் இல்லை. தெருவில் நடந்து பாருங்கள், வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு லைட் விடிய விடிய எரியும். மீட்டர் கணக்கெடுக்க வருபவருக்கு அது வீண் செலவு.

இன்னொரு காரணமும் உண்டு. ஊராட்சியின் தெருவிளக்கு ஊர்த்தெரு முனையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து எங்கள் தெரு வழியாக உப்பளத்துக்குப் போகும் பாதையில் கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. மூன்று மணிக்கு இருபது முப்பது பெண்கள் நடந்து போகும் பாதை அது. பாம்பு உண்டு. குடித்துவிட்டு நிற்பவர்களும் உண்டு. வாசல் லைட்டுகள்தான் அந்தப் பெண்களின் தெருவிளக்கு. ஊர்த்தெருவில் விளக்கின் பில்லை ஊராட்சி கட்டுகிறது, எங்கள் தெருவில் அம்மா கட்டுகிறார். அந்த 36 யூனிட்டும் சேர்ந்துதான் எங்களை 500க்கு மேலே தள்ளியது.

லைட்டை நிறுத்தவில்லை. சோக் டியூப்பைக் கழற்றிவிட்டு 20 வாட் எல்இடி டியூப் போட்டோம், 250 ரூபாய்.

அடுத்த கணக்கெடுப்பில் 418 யூனிட், 1,233 ரூபாய். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள், ஜூலையில் வெயிலும் கொஞ்சம் தணிந்திருந்தது, ஆகவே முழுக்க எங்கள் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவின் ஃபேன் ஒரு நாள் ராத்திரிகூட நிற்கவில்லை.

தனி மீட்டருக்கு அலைந்த கதை நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். மனைப்பட்டா தாத்தா பெயரில், அதுவும் தாலுகா கணக்கில் ஏறாத பட்டா. அது இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்க மாட்டோம் என்றார்கள். மின்சாரச் சட்டம் 2003, 43ஆவது பிரிவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். இடத்தின் உரிமையாளர் மட்டும் இல்லை, அங்கே குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்பு தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதித்தொகுப்பிலும் உரிமையாளர் ஒப்புதல் இல்லாதவர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து இணைப்பு கேட்க வழி வைத்திருக்கிறார்கள். தனிச் சமையல், தனி வாசல், தனி ரேஷன் கார்டு என்று போட்டோவோடு எழுதிக் கொடுத்தோம். ஒரே குடும்பம் இரண்டு இலவசம் வாங்கப் பார்க்கிறது என்ற சந்தேகப் பார்வையை மூன்று முறை பார்த்துவிட்டு, நான்காவது முறை வாங்கிக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் அண்ணன் பாகத்துக்கு மீட்டர் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீட்டுக்கு அதே தாள்களை வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன், இரண்டு வந்திருக்கிறது. உங்கள் பகுதியில் கேட்பவர்கள் அந்தப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வாய்மொழியாக மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் மறுக்க யாருக்கும் அவ்வளவு ஆசை இல்லை.

தெருவிளக்குக்கு 2023 அக்டோபர் 2 கிராம சபையில் பெண்கள் முப்பது பேர் போய் உட்கார்ந்தோம். நான்கு கம்பத்துக்கு விளக்கு என்று தீர்மானம் ஆனது. இரண்டு எரிந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்தபோது உப்பளம் முழுக்க வெள்ளக்காடு, அம்பாரம் அம்பாரமாக உப்பு கரைந்து போனது, கரண்ட் நாட்கணக்கில் இல்லை. கரண்ட் திரும்பி வந்தபோது அந்த இரண்டு விளக்கில் ஒன்று வரவில்லை. மனு கொடுத்திருக்கிறோம்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். இரண்டரை மணிக்கு அம்மா எழுந்து பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிற சத்தத்தில் விழித்துக்கொண்டேன். வாசலில் பக்கத்து வீட்டுச் சின்னம்மா வந்து நின்றுகொண்டிருந்தார், இன்னும் இரண்டு பேர் பின்னால். பேத்தி சொல்லிக்கொடுத்த பழக்கம், அம்மா போகும்போது மீட்டரைத் திரும்பிப் பார்ப்பார்.

"இந்த லைட்டு மட்டும் எத்தினி சிமிட்டும் பாப்பா?"

"நிமிஷத்துக்கு ஒண்ணும்மா."

"அப்ப எரியட்டும்" என்று சொல்லிவிட்டு வாருபலகையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.